தப்பில்லாத நோட்டு

சட்டைத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி என்றால் தெரியாதவர்கள் இல்லை. அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். செக்கிங் மேசையில் பதினான்கு வருஷமாக நிற்கிறாள். தைத்து வருகிற சட்டையை விரித்து ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவினால் போதும், எங்கே தையல் விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஊசி துணியைக் குதறியிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். மிஷின் ஓட்டுகிற பெண்கள் அவள் தலையைக் கண்டாலே, "வந்துட்டாடி பூதக்கண்ணாடி, இன்னிக்கு யார் தலை உருளப் போகுதோ" என்பார்கள். அது அவள் காதிலும் விழும். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

செக்கிங்கில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. "முந்நூறு சட்டையில ஒண்ணுகூடத் தப்பு இல்லன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா நான் சட்டையப் பாக்க மாட்டேன், எழுதினவளைத்தான் பாப்பேன். மனுஷங்க தைக்கிறது. எங்கயாவது பிசகும். பிசகவே இல்லன்னா நீங்க பாக்கவே இல்லன்னு அர்த்தம்" என்பாள். ஒரு பயலும் இதுவரை அவளை எதிர்த்துப் பேசியதில்லை.

இவ்வளவு விவரமானவள்தான் தன் வீட்டு நோட்டில் கோட்டை விட்டாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை ஐயா, முழுசாக மூன்றரை மாதம்!

அவளுக்கு ஒரே மகள், பதினோரு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், ஏன் என்று கேட்கவே வேண்டாம். எட்டு வயதில் அதற்குச் சர்க்கரை வியாதி வந்தது. வயதானவர்களுக்கு வருகிற ரகம் இல்லை, உடம்பில் இன்சுலினே சுரக்காத ரகம். காலையில் ஒரு ஊசி, மாலையில் ஒரு ஊசி, ஆயுசு முழுக்க. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை உள்ளங்கையளவு மிஷினில் வைத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணைப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி மருந்தைக் கூட்ட வேண்டும் அல்லது குறைக்க வேண்டும். எண் பொய் என்றால் மருந்தும் பொய்யாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவில்தான் பிள்ளையின் கண்ணும் சிறுநீரகமும் உயிரும் இருந்தன.

முதல் இரண்டு வருஷம் வீட்டில் தினம் போர். மிஷினைக் கண்டதும் வாலு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இழுத்தால் கடிக்கும். இரண்டு மிஷின்களைச் சுவரில் அடித்து உடைத்தாயிற்று. தலையணை உறைக்குள் பிஸ்கட் தூள், பென்சில் டப்பாவுக்குள் சாக்லெட் காகிதம். கேட்டால், "நான் சாப்பிடல, எறும்பு கொண்டுவந்திருக்கும்" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லும். பூதக்கண்ணாடி கத்துவாள், அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள். எண் முந்நூற்றைத் தாண்டிய நாளில் பேச்சையே நிறுத்திவிடுவாள். அவளுடைய கத்தலைவிட அந்தப் பேசாமைதான் பெரிய தண்டனை.

அப்புறம் ஒரு சட்டம் போட்டாள். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி. இருநூற்றுக்குள் எண் வந்தால் சைக்கிள் சாவி வாலுவின் கையில். தாண்டினால் சாவி ஆணியில். "நல்ல நம்பர்னா சைக்கிள், கெட்ட நம்பர்னா ஆணி" என்று பாட்டு மாதிரி சொல்லிச் சொல்லியே மனப்பாடம் ஆக்கினாள். தொழிற்சாலை வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எவ்வளவு?" என்பாள். அதற்கு அப்புறம்தான் பை, தண்ணீர், முகம் கழுவல் எல்லாம்.

கணவன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலைத் தாங்குகிற மனுஷனுக்கு, வீட்டில் ஒரு பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியாது. மூன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவனாகவே வந்து சொன்னான்.

"விரல் வேலைய இனிமே நான் பாத்துக்கறேன். ஊசி வேலைய நீ பாரு. ஆளுக்குப் பாதி."

பூதக்கண்ணாடிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து போர் நின்றுபோயிற்று. காலையில் அவள் அடுப்படியில் நிற்பாள். அப்பனும் மகளும் பின்பக்கத்துக் குழாயடிக்கு மிஷினை எடுத்துக்கொண்டு போவார்கள். கிசுகிசுவென்று பேச்சுக் கேட்கும், சிரிப்புக்கூடக் கேட்கும். "நூத்திப் பத்து!" என்று அவன் குரல் கொடுப்பான். அவள் கரண்டியை வைத்துவிட்டு ஓடிவந்து, மிஷினில் இருக்கிற எண்ணைத் தன் கண்ணாலேயே பார்த்து நோட்டில் குறிப்பாள். தொண்ணூற்றாறு. நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நான்கு. முத்து முத்தாக எண்கள். வாலு இப்போது கடிப்பதில்லை, எதையும் உடைப்பதில்லை. மாலையில் தெருவில் சைக்கிள் மணி கணகணவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த மூன்றரை மாதத்தில் பள்ளிச் சீருடைப் பாவாடையின் இடுப்பை அவள் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். முதல் தடவை ஓர் அங்குலம், இரண்டாம் தடவை முக்கால் அங்குலம். "வளர்ற பொண்ணு, உயரமாகுது, அதான் இளைக்குது" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிள்ளை தண்ணீர்ப் புட்டியை நாளுக்கு நான்கு தடவை நிரப்பியதையும் பார்த்தாள். சைக்கிள் ஓட்டினால் தாகம் எடுக்காதா? நோட்டுதான் நூற்றுப் பத்து என்கிறதே!

மருந்து வாங்கப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனாள். "அக்கா, எங்க க்ளினிக்லயே இப்படி ஒரு நோட்டு கிடையாது. அடுத்த சனிக்கிழமை இதே மாதிரி பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கெல்லாம் ஒரு கூட்டம் வெச்சிருக்கோம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும். அடம் புடிக்கிற பிள்ளைய எப்படி வழிக்குக் கொண்டுவந்தீங்கன்னு சொல்லணும்."

அந்த வாரம் பூதக்கண்ணாடியின் கால் தரையில் பாவவில்லை. தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. நோட்டுக்கு நல்ல தாளில் அட்டை போட்டாள். பேசப் போவதை அடுப்படியில் நின்று முணுமுணுத்துப் பழகினாள். கணவன் மட்டும், "கூட்டம் கீட்டமெல்லாம் எதுக்கு, நமக்கு என்ன பேசத் தெரியும்" என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பொறாமை என்று நினைத்து அவள் சிரித்தாள்.

சனிக்கிழமை. கூட்டம் பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்க்க டாக்டரம்மா கூப்பிட்டார். கணவன் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். அம்மாவும் மகளும் மட்டும் உள்ளே போனார்கள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார்.

"அம்மா, இந்த டெஸ்ட் மூணு மாசச் சராசரியைக் காட்டும். உங்க நோட்டு நிஜம்னா ஆறுக்குப் பக்கத்துல வரணும். வந்திருக்கறது பன்னெண்டு."

"வேற யாரோட காகிதமோ மாறி வந்திருக்கும் மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் இப்ப வெளியில எடை பாக்கும்போது நர்ஸை விரல்ல குத்திப் பாக்கச் சொன்னேன். நானூத்தி ரெண்டு."

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்று ஏறியது கோபம். "உங்க மிஷினைச் சரி பாருங்க மேடம். எங்க மிஷின்ல காலையில நூத்தி எட்டு. நானே என் கண்ணால பாத்தேன். நான் செக்கிங்ல இருக்கறவ, என் கண்ணு பொய் சொல்லாது. நான் கைக்கு வந்தபடி எழுதினேன்னு சொல்றீங்களா?"

"நீங்க பொய் எழுதினீங்கன்னு நான் சொல்லல" என்றார் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை. "பிள்ளை நாலு கிலோ இளைச்சிருக்கா. அதைப் பாத்தீங்களா?"

நர்ஸ் வாலுவின் கையைப் பிடித்து, விளக்குக்கு நேராக ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். பத்து விரலும் வழவழவென்று இருந்தன. சற்றுமுன் ஆஸ்பத்திரியில் குத்திய ஒரே ஒரு சிவப்புப் புள்ளியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அக்கா, தினம் ரெண்டு தடவை குத்தற விரல் இப்படியா இருக்கும்?"

வாலு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி அட்டை போட்ட நோட்டை எடுத்தாள். முதல் தடவையாக அதை ஒரு தாயாகப் பார்க்காமல் செக்கராகப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் திருப்பினாள். இருநூற்றுக்கும் மேற்பட்ட எண்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு கணவன் வந்தான். "வண்டிக்கு எடமே கிடைக்கல" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்ப் புட்டியை அவளிடம் நீட்டினான். அவள் புட்டியை வாங்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பி, கட்டைவிரலால் அவன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக நீவினாள். சட்டை ஓரத்தை நீவுகிற அதே நீவல். விரல் ஓரங்களில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், ஊசி போன வழிகள், ஆறியதும் ஆறாததுமாக. நடுவிரலில் இருந்தது காலையில் குத்தியதாக இருக்க வேண்டும்.

"இது உங்க ரத்தமா?" என்றாள்.

அவன் தலை தானாகத் தொங்கியது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால்கூட அவன் ஏதாவது ஒரு பொய்யாவது சொல்லுவான். இவன் அதற்கும் துப்பில்லாமல் நின்றான்.

டாக்டரம்மா அவனைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் பிள்ளை மயங்கி விழுந்து ஐசியூவில் கிடந்திருக்கும் என்றார். புதிய அட்டவணை எழுதிக் கொடுத்து, அங்கேயே ஓர் ஊசியும் போட்டு, திங்கட்கிழமை கட்டாயம் வரச் சொன்னார். வெளியே வந்தால், பக்கத்து அறையில் நாற்காலி நிறைய அப்பா அம்மாக்கள். ஒரு பெண் எழுந்து, "நீங்கதானே அந்த நோட்டு அம்மா? உங்ககிட்ட நிறையக் கேக்கணும்" என்று சிரித்தாள். பூதக்கண்ணாடி நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்.

"சொல்லுங்க. என்னை எவ்வளவு பெரிய முட்டாள்னு நெனச்சு வெச்சிருந்தீங்க?"

"அப்படியெல்லாம் இல்ல. கொஞ்சம் கேளு."

"நான் அடுப்படியில நிப்பேன், நீங்க ரெண்டு பேரும் குழாயடியில நின்னு சிரிப்பீங்க. என்னைப் பாத்துத்தானே சிரிச்சீங்க? மூணு பேர் இருக்கற வீட்டுல ரெண்டு பேர் ஒரு கட்சி. நான் காதுல பூ வெச்சுக்கிட்டு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஒரே ஒரு நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சேன்" என்றான் அவன். "உனக்கு ஞாபகம் இருக்கா? முந்நூத்தி நாப்பது வந்த அன்னிக்கு, நீ இவளைப் பாத்து, 'என்னைச் சாகடிக்கத்தான்டி பொறந்திருக்க'ன்னு சொன்ன. இவ என்கிட்ட வந்து, நான் செத்துட்டா அம்மா நிம்மதியா இருப்பாங்களாப்பான்னு கேட்டா. பதினோரு வயசுப் பிள்ளை கேக்கற கேள்வியா இது? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. மறுநாள் என் விரலைக் குத்திக்கிட்டேன். தொண்ணூத்தெட்டு. நீ ஓடி வந்து அவளைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்த. எத்தனை மாசம் கழிச்சுக் குடுத்த முத்தம் தெரியுமா அது? அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல."

பூதக்கண்ணாடிக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகம் இருந்தது. வாலுவின் ஈரத் தலையின் வாசம்கூட ஞாபகம் இருந்தது. அந்த முத்தத்தையும் ஏமாற்றித்தான் வாங்கினார்களா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்! உங்ககூட சண்டை போட்டிருப்பேன். வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன். ஆனா எம் பொண்ணுக்கு மருந்து சரியாப் போயிருக்கும். நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். நீங்க நல்ல அப்பாங்கற பேர் வாங்கறதுக்கு இவ கண்ணையும் உசிரையும் பணயம் வெச்சிருக்கீங்க." அவள் தன் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஊசி போட்டது யாரு? நான்தானே? உங்க நம்பரைப் பாத்துப் பாத்து, குறைச்சுக் குறைச்சு, என் கையாலயே போட்டேன். எம் பிள்ளைய என் கையாலயே கெடுக்க வெச்சுட்டீங்களே! இதை எப்படிங்க மறப்பேன்?"

அவன் அழுதான். "இனிமே சத்தியமா இப்படி நடக்காது. என்னை நம்பு."

"ரத்தத்துக்கு ஒரு மிஷின் இருக்கு. உங்களை நம்பலாமா வேணாமான்னு பாக்க எனக்கு எந்த மிஷினும் இல்ல" என்றாள் அவள்.

அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள். "நீயுமாடி? அப்பாவுக்குத்தான் புத்தி இல்ல. உனக்கு உன் உடம்பு தெரியாது? நாக்கு வறண்டு, இளைச்சு, படியேற மூச்சு வாங்கி... ஒரு நாளாவது அம்மாகிட்ட வந்து சொல்லணும்னு தோணலையா?"

வாலு கத்தும், எதையாவது தூக்கி எறியும் என்று அவள் எதிர்பார்த்தாள். வாலு கத்தவில்லை. பழைய வாலாக இருந்தால் தேவலை என்று இருந்தது.

"நீ வந்ததும் எவ்வளவுன்னுதானே கேப்ப" என்றது. "எப்படி இருக்கன்னு கேட்டா சொல்லியிருப்பேன்."

பூதக்கண்ணாடி அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள். கோபம் குறையவில்லை. அவர்கள் செய்தது துரோகம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை சொன்ன வாக்கியம் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது.

மாலை ஆறு மணி. ஊசி நேரம். மிஷினை மேசையில் வைத்தாள். கணவன் எழுந்து வந்தான். ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துகொண்டான். வாலு தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்து விரலை நீட்டியது. கட்டிலுக்கு அடியில் போகவில்லை, கடிக்கவில்லை. பூதக்கண்ணாடி குத்தினாள். சொட்டு வந்தது. மிஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி முடித்தது.

முந்நூற்று இருபத்தெட்டு.

அவள் நிமிர்ந்தாள். வாலு மிஷினைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கணவனும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் இத்தனை நாளாக எண்ணைப் பார்த்தது அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்ற இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தே காலம் ஓட்டியிருக்கிறார்கள்.

நோட்டில் எழுதினாள். முத்தான எண்களுக்குக் கீழே அசிங்கமாக, உண்மையாக ஓர் எண். புதிய அட்டவணையைப் பார்த்து மருந்தை அளந்து ஊசி போட்டாள்.

வாலு சட்டைப்பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்து மேசையில் வைத்தது. யாரும் கேட்கவில்லை. எழுதியாயிற்று, அடுத்தது சாவிதானே என்கிற மாதிரி வைத்தது.

பூதக்கண்ணாடி சாவியை அதன் பக்கமே தள்ளினாள். "இன்னிக்கு ஓட்ட வேணாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும். ஆனா சாவி உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே ஆணி கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, பழக்கமில்லாத வேலையைச் செய்கிறவள் போல, "எப்படிடி இருக்க?" என்றாள்.

"நல்லா இருக்கேம்மா" என்றது வாலு, பட்டென்று.

இல்லை என்று அதன் உதடு சொன்னது. வறண்டு வெடித்திருந்தது. அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது வாலு பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தது. மேசையில் சாவி இல்லை. அவள் சுவரைப் பார்த்தாள். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.